காபி ஆறுவதற்குள் பேசலாமா?

2015 மார்ச். அமெரிக்காவின் ஸ்டார்பக்ஸ் கடைகளில், காபிக் கோப்பை மீது 'ரேஸ் டுகெதர்' என்று எழுதித் தரும்படி ஊழியர்களைக் கேட்டுக்கொண்டார் தலைவர் ஹோவர்ட் ஷுல்ட்ஸ். கறுப்பரும் வெள்ளையரும் இனபேதம் பற்றி மனம் திறந்து பேச வேண்டுமாம். நல்ல எண்ணம்தான். ஆனால் பேச்சைத் தொடங்கும் பொறுப்பு விழுந்தது, காலை நெரிசலில் பால் நுரைத்துக்கொண்டிருக்கும் ஊழியர் தலையில். கேலி மழை! ஒரே வாரத்தில் எழுதுவது நின்றது.

நிஜமான பேச்சு 2018 ஏப்ரலில், அதே நிறுவனத்தின் பிலடெல்பியா கடையில் தொடங்கியது. எதுவும் வாங்காமல் ஒருவருக்காகக் காத்திருந்த இரண்டு கறுப்பு இளைஞர்களைப் போலீஸ் விலங்கு மாட்டி அழைத்துப் போனது. அவர்களைச் சந்திக்க வந்த வெள்ளைக்காரர், என்ன குற்றம் என்று போலீசாரிடம் வாதாடினார். அவருக்கு விலங்கு இல்லை. வீடியோவை ட்விட்டரில் போட்ட வெள்ளைக்காரப் பெண் உடைத்தே சொன்னார்: நாங்களும் இப்படித்தான் உட்காருகிறோம், எங்களுக்கு மட்டும் இது நடப்பதே இல்லை. கோப்பை வாசகம் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

மே 29 பிற்பகல், ஊழியர்களின் பயிற்சிக்காக 8,000க்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. இளைஞர்கள் நகர நிர்வாகத்திடம் பெற்ற நஷ்டஈடு ஆளுக்கு 1 டாலர். கூடவே, இளம் தொழில்முனைவோருக்கு 2 லட்சம் டாலரில் ஒரு திட்டம்.