துப்புரவுத் தொழிலாளிக்கு லீவு!

வாரத்தில் ஒரு நாள் துப்புரவுத் தொழிலாளிக்கு லீவு. அன்று அவருடைய வேலையை யார் செய்வது?

அங்கே தங்கியிருந்தவர்களே செய்தார்கள். அவர்களில் இந்தியரும் உண்டு, வெள்ளைக்காரரும் உண்டு. படித்தவர்கள், பட்டம் பெற்றவர்கள், பாதிரிமார்கள். முன்வந்தவர் துடைப்பத்தையும் வாளியையும் எடுத்துக்கொண்டு கக்கூசைக் கழுவப் போவார்.

இப்போது இருப்பதுபோல் தண்ணீர் ஊற்றினால் போய்விடுகிற கக்கூஸ் அல்ல. அள்ளி எடுத்துக் கொண்டுபோய்க் கொட்டவேண்டிய எடுப்புக் கக்கூஸ்!

இது இமயமலைச் சாரலில் நடந்தது. அந்த இடத்தின் பெயர் சாத்தால். அங்கே 1930-ம் ஆண்டில் ஒரு கிறிஸ்தவ ஆசிரமம் தொடங்கியது.

மலைமேல் ஏரிகள்

சாத்தால், இன்றைய உத்தரகாண்ட் மாநிலத்தில் நைனிடால் மாவட்டத்தில் இருக்கிறது. ரெயில் காட்கோதாம் வரைதான் போகும். அதற்கு மேல் மலைப்பாதை. வளைந்து வளைந்து ஏறினால் பீம்தால் என்ற ஊர் வரும். அதையும் தாண்டிப் போனால் ஓக் மரமும் பைன் மரமும் அடர்ந்த காடு. காட்டுக்கு நடுவே ஏரிகள். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,370 மீட்டர் உயரம். கோடையிலும் வெயில் சுடாது.

இந்தியில் "சாத்" என்றால் ஏழு. "தால்" என்றால் ஏரி.

ஏரிகளின் பெயரைக் கேட்டால் வெகுதூரத்து ஊர் என்றே தோன்றாது. ராமர் ஏரி, சீதை ஏரி, லட்சுமணர் ஏரி, கருடன் ஏரி, நள தமயந்தி ஏரி! இவற்றின் பக்கத்தில்தான் மெதடிஸ்ட் சபையாரின் ஆசிரமம் அமைந்தது.

அதைத் தொடங்கியவர் ஸ்டான்லி ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் பாதிரியார். 1884-ல் மேரிலாந்து மாநிலத்தில் பிறந்தவர். 1907-ல், 23 வயது இளைஞராக லக்னோவுக்கு வந்து சேர்ந்தார். வந்தவர் கண்ணில் ஒன்று பட்டது. கிறிஸ்தவர் ஆகிறவர் கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு பாதி வெள்ளைக்காரர் ஆகிவிடுகிறார்! இது தேவையா என்று அவர் கேட்டார். இந்தியர் இந்தியராகவே இருந்து இயேசுவைப் பின்பற்றலாமே என்று 1925-ல் ஒரு புத்தகம் எழுதினார். அது பல நாடுகளில் பல லட்சம் பிரதிகள் விற்றது.

1928-ல் அமெரிக்காவில் கூடிய மெதடிஸ்ட் சபையின் பெரிய மாநாடு அவரைப் பிஷப்பாகத் தேர்ந்தெடுத்தது. பிஷப் பதவி என்றால் சும்மாவா? ஆனால் அவர் மறுநாளே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஊர் ஊராகப் போய்ப் பேசும் சாதாரணப் பாதிரியாராக இருப்பதே போதும் என்று இந்தியாவுக்குத் திரும்பினார்.

தாகூரின் சாந்தினிகேதனத்திலும் காந்திஜியின் சபர்மதி ஆசிரமத்திலும் அவர் தங்கிப் பார்த்திருக்கிறார். எல்லோரும் ஒரே இடத்தில் உண்டு, உறங்கி, உழைத்து, பிரார்த்தனை செய்யும் வாழ்க்கை அவரை மிகவும் கவர்ந்தது. கிறிஸ்தவர்களும் இப்படி வாழ்ந்து பார்த்தால் என்ன என்று நினைத்தார். எதெல் டர்னர் என்ற ஆங்கிலேய மூதாட்டியும், யூனஸ் சின்ஹா என்ற இந்தியப் போதகரும் அவரோடு சேர்ந்தார்கள். இப்படி மூன்று பேராகச் சேர்ந்து தொடங்கியதுதான் சாத்தால் ஆசிரமம்.

இதில் நமக்கும் ஒரு பெருமை உண்டு. இதற்கு 9 ஆண்டு முந்தியே, 1921-ல், வட ஆர்க்காட்டுத் திருப்பத்தூரில் "கிறிஸ்துகுல ஆசிரமம்" தோன்றிவிட்டது. சவரிராயன் ஏசுதாசன் என்ற தமிழரும் பேட்டன் என்ற வெள்ளைக்காரரும் சேர்ந்து அதை அமைத்தார்கள். இருவரும் டாக்டர்கள். அங்குள்ள ஜெப ஆலயம் நம் ஊர்க் கோவில்களின் பாணியில் கட்டப்பட்டது.

வாரம் ஒரு பென்னி

மெதடிஸ்ட் என்ற பெயரைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். சென்னை ராயப்பேட்டையில் வெஸ்லி பள்ளிக்கூடம் இருக்கிறது அல்லவா? அந்த வெஸ்லிதான் இந்தச் சபைக்கு மூலபுருஷர்.

1729-ம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு கல்லூரி மாணவர்கள் சிலர் ஒன்றுகூடி வந்தார்கள். ஜான் வெஸ்லியும் அவருடைய தம்பி சார்லசும் அவர்களில் முக்கியமானவர்கள். குறித்த நேரத்தில் பிரார்த்தனை, குறித்த நேரத்தில் படிப்பு, சிறைக்குப் போய்க் கைதிகளுக்கு ஆறுதல் சொல்வது என்று எல்லாம் அவர்களுக்கு ஒரு முறைப்படி நடக்கும். மற்ற மாணவர்கள் கேலி செய்தார்கள். "மெதட்" என்றால் முறை. "முறைக்காரர்கள்" என்று கிண்டலாக வைத்த பெயர்தான் மெதடிஸ்ட்! கேலிப் பெயரே பின்னால் உலகம் அறிந்த பெயராகிவிட்டது.

அவர்களுடைய கூட்டு வாழ்க்கை கடனில் பிறந்தது என்று சொன்னால் வியப்பாக இருக்கும். ஆனால் உண்மை அதுதான்.

பிரிஸ்டல் நகரத்தில் வெஸ்லி ஒரு கூட்ட மண்டபம் கட்டினார். கடன் ஏறிவிட்டது. எப்படி அடைப்பது? 1742 பிப்ரவரியில் எல்லோரும் கூடி யோசித்தார்கள். கப்பல் தலைவர் ஒருவர் யோசனை சொன்னார். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கவேண்டும். பென்னி என்பது ஆங்கிலேயரின் சிறு காசு. அதுகூட இல்லாத ஏழைகள் இருக்கிறார்களே என்று ஒருவர் கேட்டார். அதற்கும் அந்தக் கப்பல் தலைவர் வழி சொன்னார். மிகவும் ஏழைகளான 11 பேரைத் தன் கணக்கில் விட்டுவிடவேண்டும். அவர்கள் கொடுக்க முடிந்தால் கொடுக்கட்டும், முடியாவிட்டால் அவர்களுக்கும் சேர்த்துத் தானே கொடுத்துவிடுவதாக ஒப்புக்கொண்டார்.

அப்படியே 12 பேருக்கு ஒரு தலைவர் என்று ஏற்பாடாயிற்று. தலைவர் வாரா வாரம் வீடு வீடாகப் போனார். போனது காசு வாங்கத்தான். ஆனால் வீட்டுக்குள் போனால் காசு மட்டுமா தெரியும்? யாருக்கு உடம்பு சரியில்லை, எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, எந்தக் கணவன் குடித்துவிட்டு வந்து சண்டை போடுகிறான் என்பதெல்லாம் தெரிந்தது. காசைவிட இது பெரிய காரியம் என்று வெஸ்லி கண்டுகொண்டார். பிறகு அந்த 12 பேரும் வாரம் ஒரு முறை ஓரிடத்தில் கூடி, மனம்விட்டுப் பேசத் தொடங்கினார்கள். மெதடிஸ்ட் சபை போன நாடுகளுக்கெல்லாம் இந்தச் சிறு கூட்டமும் போயிற்று.

பட்டம் கிடையாது, புறம் பேசக்கூடாது

சாத்தாலில் கோடைக் காலத்தில் கூடியவர்கள் இந்திய உடை உடுத்தினார்கள். தரையில் உட்கார்ந்து இந்தியச் சாப்பாடு சாப்பிட்டார்கள். பிஷப், டாக்டர், புரொபசர் என்ற பட்டங்களை வாசலிலேயே விட்டுவிடவேண்டும். உள்ளே எல்லோரும் சகோதரர், சகோதரி. ஜோன்சையும் "பிரதர் ஸ்டான்லி" என்றுதான் கூப்பிட்டார்கள். இன வேற்றுமை, வகுப்பு வேற்றுமை எல்லாவற்றையும் விட்டுவிட்டு உள்ளே வரவேண்டும் என்று அங்கே எழுதியே வைத்திருந்தார்கள்.

முதல் நாள் காலையில் ஒரு விசேஷக் கூட்டம் நடக்கும். "திறந்த உள்ளத்தின் காலை" என்று அதற்குப் பெயர். ஏன் வந்தீர்கள்? என்ன விரும்புகிறீர்கள்? உண்மையில் உங்களுக்கு என்ன தேவை? இந்த மூன்று கேள்விகளுக்கு ஒவ்வொருவரும் எல்லோர் முன்னாலும் பதில் சொல்லலாம். கட்டாயம் இல்லை. பேச்சு மணிக்கணக்கில் போகும். தலைமை தாங்குகிறவரும் தம் குறையைச் சொல்லவேண்டும்; அவருக்கு விலக்கு இல்லை.

இன்னொரு விதி, புறம் பேசக்கூடாது. ஒருவர்மேல் மனத்தாங்கல் இருந்தால் நேரே அவரிடமே போய்ச் சொல்லிவிடவேண்டும். மூன்றாவது ஆள் காதில் போடக்கூடாது. கேட்க எளிதாக இருக்கிறது. கூட்டுக் குடும்பத்தில் நான்கு மருமகள்களோடு இருந்தவர்களுக்குத்தான் இதன் கஷ்டம் தெரியும்!

வேலை நேரமும் உண்டு. படித்தவர், படிக்காதவர் என்ற பேதம் இல்லாமல் எல்லோரும் கையால் வேலை செய்யவேண்டும். துப்புரவுத் தொழிலாளிக்கு வாரம் ஒரு நாள் லீவு கொடுத்ததும் இதன் ஒரு பகுதிதான். இங்கேதான் உண்மையான சோதனை வந்தது.

தங்கியிருந்தவர்களில் ஒருவர் பிராமணராகப் பிறந்து கிறிஸ்தவர் ஆனவர். அவர் அந்த வேலைக்கு முன்வரவே இல்லை. எப்போது முறை எடுத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்று ஜோன்ஸ் அவரைக் கேட்டார். அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். தாம் மனம் மாறியது உண்மைதான், ஆனால் அவ்வளவு தூரத்துக்கு மாறவில்லை என்று சொல்லிவிட்டார்!

ஜோன்ஸ் இந்தக் கதையைப் பல ஊர்களில் சொல்லியிருக்கிறார். கேட்டவர்கள் சிரித்தார்கள். ஆனால் அந்தப் பிராமணரைக் குறை சொல்வது சுலபம். அவர் பொய் சொல்லவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னார். மதத்தை மாற்றிக்கொண்டவர், உற்றாரை விட்டுவந்தவர், அந்த வாளியைத் தொடமுடியாமல் நின்றுவிட்டார். சாதி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது!

காந்திஜியின் வீட்டிலேயே இது நடந்திருக்கிறது. 1898-ல் தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரில் அவர் வக்கீலாக இருந்தார். அவருடைய குமாஸ்தாக்கள் வீட்டிலேயே தங்கினார்கள். அறைகளில் மூத்திரப் பானைகள் இருக்கும். பஞ்சமப் பெற்றோருக்குப் பிறந்த கிறிஸ்தவக் குமாஸ்தா ஒருவர் புதிதாக வந்து சேர்ந்தார். அவருடைய பானையைக் கஸ்தூரிபாய் எடுக்க நேர்ந்தது. கண்ணீர் வழிய அதை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். சிரித்த முகத்தோடு செய்யவேண்டும் என்று கணவர் சத்தம் போட்டார். அம்மையார் எதிர்த்துப் பேசவே, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசல் கதவு வரை போய்விட்டார். தம் கோபத்தை நினைத்து வெட்கப்பட்டுக் காந்திஜியே பின்னால் இதைத் தம் சுயசரிதையில் எழுதினார்.

சாத்தாலிலும் மீதி ஆறு நாள் அந்த வேலையைச் செய்தவர் அந்தத் தொழிலாளிதான். அதையும் மறக்கக்கூடாது. வாரம் ஒரு நாள் லீவினால் அவருடைய வாழ்க்கை மாறிவிடவில்லை. மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதைத் தடைசெய்து இந்தியாவில் சட்டம் வந்தது 1993-ல்தான். அது போதாமல் 2013-ல் இன்னொரு சட்டம் செய்யவேண்டியிருந்தது. 1930-களில் சட்டம் கிடையாது, கட்டாயம் கிடையாது. அந்தக் காலத்தில் படித்த மனிதர்கள் சிலர் வாளியைத் தொட்டார்கள் என்பதுதான் விசேஷம்.

அமெரிக்காவிலும் ஆசிரமம்

1940-ல் ஜோன்ஸ் இந்த முறையை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். இந்தியாவிலிருந்து போன "ஆசிரமம்" என்ற சொல்லையே அங்கும் வைத்துக்கொண்டார்கள். அங்கே சாதி இல்லை. அதற்குப் பதில் நிறம் இருந்தது. பல இடங்களில் கறுப்பருக்குத் தனி ஓட்டல், தனிப் பள்ளிக்கூடம், பஸ்சில் தனி இடம். ஆசிரம முகாமிலோ கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்தே தங்கவேண்டும், சேர்ந்தே சாப்பிடவேண்டும் என்று ஜோன்ஸ் கண்டிப்பாகச் சொன்னார்.

இந்திய விடுதலையை அவர் வெளிப்படையாக ஆதரித்தவர். அதனால் இரண்டாவது உலகப் போர்க் காலத்தில் அவர் இந்தியாவுக்குத் திரும்பிவர ஆங்கில அரசாங்கம் அனுமதி தரவில்லை. போர் முடிந்த பிறகே வரமுடிந்தது.

1971 டிசம்பரில், 87 வயதில், அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சுத் தடுமாறியது. பார்வையும் குறைந்தது. அப்படியும் ஒலிப்பதிவுக் கருவியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசி ஒரு புத்தகத்தை முடித்தார். 1972-ல் மறுபடியும் இந்தியாவுக்கு வந்தார். 1973 ஜனவரி 25-ந்தேதி பரேலியில் காலமானார். அமெரிக்க மெதடிஸ்ட் பாதிரிமார்கள் 1856-ல் இந்தியாவில் முதன்முதலாக வேலை தொடங்கிய பகுதியும் அதுதான்.

சாத்தால் ஆசிரமம் இன்றும் இருக்கிறது. கோடையில் முகாம்கள் நடக்கின்றன. வாலிபர்களும் பெண்களும் பெட்டி படுக்கையுடன் மலையேறி வருகிறார்கள். அதே பாதையில் தூரதிருஷ்டிக் கண்ணாடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேறு சிலரும் போவார்கள். அவர்கள் பறவை பார்க்க வந்தவர்கள். சாத்தால் காட்டுப் பறவைகளுக்குப் பேர்போனது.

ஜோன்ஸ் தொடங்கிய ஆசிரம முகாம்கள் பல நாடுகளில் இன்றும் நடந்துவருகின்றன. முதல் கூட்டத்தில் கேட்பது அதே மூன்று கேள்விகள்தான்.