கொதித்தாலும் போகாத நஞ்சு



"தண்ணியைக் கொதிக்க வைச்சுத்தானே குடிக்கிறம், பிறகென்ன பயம்?" என்று எங்களிடம் பலர் கேட்பதுண்டு. கொதிக்க வைப்பது நல்ல பழக்கம். வயிற்றோட்டம், நெருப்புக்காய்ச்சல், செங்கண்மாரி ஆகியவற்றைத் தரும் கிருமிகள் அதனால் செத்துப்போகும். ஆனால் காரீயம், ஆசெனிக், கட்மியம் போன்ற நச்சுப் பொருட்கள் கிருமிகள் அல்ல. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய, மிச்சத் தண்ணீரில் அவற்றின் அளவு கூடுமே தவிரக் குறையாது.

இவற்றுள் நாம் முக்கியமாக அறிய வேண்டியது காரீயம். தண்ணீரில் கரைந்திருந்தால் நிறமும் தெரியாது, மணமும் தெரியாது. உடம்புக்குள் போன காரீயம் எலும்பில் பல வருடம் தங்கும். தாய் கர்ப்பமாக இருக்கும்போது அது மீண்டும் இரத்தத்தில் கலந்து வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். ஒரே சாப்பாட்டில் இருந்து பெரியவர்களைவிடச் சிறுபிள்ளைகளின் உடம்பு 4, 5 மடங்கு காரீயத்தை உறிஞ்சிக்கொள்ளும். இதனால் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும், இரத்தசோகை வரும், படிப்பில் கவனம் நிற்காது. "பிள்ளை மந்தம்" என்று நாம் பேசாமல் விட்டுவிடுவோம். கெட்டுப்போன மூளை வளர்ச்சியைப் பிறகு மருந்தால் திருப்ப முடியாது. குடிதண்ணீரில் காரீயம் லீற்றருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. எங்களுக்குத் தண்ணீர் தருவது நிலத்தடிச் சுண்ணாம்புக்கல். அது வெடிப்பும் துவாரமும் நிறைந்தது. ஓரிடத்தில் நிலத்தில் ஊற்றியது இன்னோரிடத்துக் கிணற்றில் வந்து சேரலாம். சுன்னாகத்தில் இதைக் கண்ணால் கண்டோம். அங்குள்ள மின் நிலையச் சூழலில் கிணறுகளில் எண்ணெய் கலந்து, 2014, 2015ஆம் ஆண்டுகளில் சனங்கள் பவுசர் தண்ணீருக்குக் காத்திருக்க நேர்ந்தது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், அங்கு மின் உற்பத்தி செய்த தனியார் கம்பனி 2 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. எஞ்சினில் பாவித்துக் கழித்த ஒயிலில் காரீயமும் வேறு உலோகங்களும் இருக்கக்கூடும். நாம் தண்ணி மெசினுக்குப் பக்கத்தில் ஊற்றும் ஒரு போத்தல் பழைய ஒயிலுக்கும் இது பொருந்தும்.

தண்ணீர் மட்டுமல்ல, குசினியையும் கவனிக்க வேண்டும். பழைய உலோகம், எஞ்சின் துண்டுகளை உருக்கி வார்த்த மலிவான அலுமினியச் சட்டிகளில் காரீயம் கலந்திருக்கலாம். பழப்புளி விட்ட குழம்பும் ரசமும் அதை இழுத்தெடுக்கும். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூச வேண்டியது வெள்ளீயம். காரீயத்தைப் பூசினால் சாப்பாடு நஞ்சாகும். மஞ்சளும் அப்படித்தான். பங்களாதேஷில் மஞ்சளுக்கு நிறம் கூட்ட ஈயம் கலந்த மஞ்சள் சாயத்தைப் பூசினார்கள். 2019இல் சோதித்த மாதிரிகளில் 47 வீதத்தில் ஈயம் இருந்தது. அரசு கடுமையாக நடவடிக்கை எடுத்ததும் 2021இல் அது இல்லாமல் போனது. அங்கே கிழங்குக்கே சாயம் பூசினபடியால், முழு மஞ்சள் என்று மட்டும் நம்பி வாங்கவும் முடியாது.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை:

1. பழைய ஒயில், பற்றரி, பெயின்ற் வாளி ஆகியவற்றைக் கிணற்றடியிலோ வளவிலோ கொட்டவோ எரிக்கவோ வேண்டாம்.

2. மருந்து, பெயின்ற் வந்த பரல்களில் தண்ணீர் பிடிக்க வேண்டாம், எவ்வளவு கழுவினாலும் சரி.

3. புளிக்கறிக்கு மண்சட்டி அல்லது எவர்சில்வர் பாவியுங்கோ.

4. கண்ணைப் பறிக்கும் மஞ்சள் நிறத்தில் உள்ளதை வாங்காதேங்கோ. முடிந்தால் வளவில் நாலு மஞ்சள் கிழங்கு நடுங்கோ.

5. பிள்ளைகளை வெறுவயிற்றில் விடாதேங்கோ. பசித்த வயிறு காரீயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். முருங்கையிலை, குரக்கன், நெத்தலி கொடுங்கோ. இரும்பும் கல்சியமும் அதைத் தடுக்க உதவும்.

6. கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய்ப் படலமோ புது மணமோ கண்டால் குடிப்பதை நிறுத்தி, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் எமக்கும் அறிவியுங்கோ. உலோகம் இருக்கா இல்லையா என்பதை ஆய்வுகூடப் பரிசோதனையில்தான் அறியலாம்.

கிணறு ஒரு வீட்டு வளவில் இருந்தாலும் அடியில் உள்ள தண்ணீர் எல்லோருக்கும் பொது. ஒருவர் ஊற்றும் நஞ்சை இன்னொருவரின் பிள்ளை குடிக்கும் என்பதை நினைவில் வைத்து நடப்போம்.