இரைப்பையில்லா மீனும் பூசணம் பிடித்த பிண்ணாக்கும்

தாமிரபரணியின் கடைசி அணையாகிய ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து வடகாலும் தென்காலும் நிரப்பும் குளங்கள், நெல்லுக்கும் வாழைக்கும் நீர் தருவதோடு குத்தகைதாரருக்கு மீனும் தருவன. கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டையினங்களைக் குஞ்சாக விட்டு, அரிசித் தவிட்டையும் கடலைப் பிண்ணாக்கையும் சம எடையாகக் கலந்து இடுவது பல வருஷத்து வழக்கம். வழக்கம் நல்லதே. ஆனால் சரக்கு கெட்டதாயின் மீனின் குடல் கெட்டு, போட்ட முதல் நஷ்டமாகும்.

இதன் காரணம் கெண்டையின் உடலமைப்பிலேயே உள்ளது. ஆடுமாடுகளுக்கும், விரால் மீனுக்குங்கூட, இரைப்பை உண்டு, கெண்டைக்கு இல்லை. தொண்டைப் பற்களால் அரைபட்ட இரை நேரே குடலில் இறங்குகின்றது. புளிப்பு நீர் ஊறிப் பதப்படுத்தும் இடமே கிடையாது. ஆகவே தூத்துக்குடியிலிருந்து வரும் கருவாட்டுத் தூளில் மாமிசச் சத்து பயன்படினும், எலும்பிலுள்ள சத்தில் பெரும்பகுதி கழிவாய்ப் போய்க் குளத்து நீரைக் கெடுக்கும்.

சோயா மொச்சையைப் பச்சையாக இடலாகாது. அதிலுள்ள ஒரு வஸ்து குடலின் ஜீரண நீரைத் தடுக்கும். நன்கு வேகவைத்தால் அது அழியும். எனினும் வெந்த சோயாப் பிண்ணாக்கும் மிகுந்தால் குடலின் உள்மடிப்புக்கள் குறுகி அழற்சியுண்டாவதை நார்வே தேசத்துச் சாலமன் மீனிற் கண்டறிந்துள்ளனர். சாதாக் கெண்டையைப் பற்றி 2008-இல் வெளியான ஆராய்ச்சியில், மூன்றாம் வாரத்தில் மிகுந்த அழற்சி, நான்காம் வாரம் முதல் தணியத் தொடங்கியது. சிறுகச் சிறுகக் கூட்டிக் கொடுப்பதே விவேகம்.

இவை யாவற்றினும் கொடியது பூசணம். 1960-இல் இங்கிலாந்தில் லட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மடிந்தபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கே காரணமெனத் தெரிந்தது. அதிற் பூத்த பூசணத்தின் நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயர். குடல் வழியே ஏறி ஈரலைப் புண்ணாக்கும் இந்நஞ்சு மீனையும் விடுவதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் பிரயாணிகள் வண்டியோடு சிக்கியதை யாரும் மறந்திரார். அத்தகைய காலத்தில் நனைந்து பூசணம் பூத்த மூட்டையை வெயிலில் காயவைத்துப் பார்ப்பது மனித இயல்பு. காய்ந்தால் வாடை போகும், நஞ்சு போகாது. கொதிக்க வைத்தாலும் போகாது. மாட்டிற்கு வைத்தால் பாலில் இறங்கும். மீன் குளத்திற்கு எருவாகவும் இடாது புதைத்துவிடுதலே தக்கது. ஒரு மூட்டை விலைக்கு அஞ்சி ஒரு குளத்து மீனைப் பணயம் வைப்பது கணக்காகாது.

மூட்டைகளைச் சுவரையொட்டாமல், பலகைமீது அடுக்குக. தவிடு அரைத்த சில நாட்களிலேயே எண்ணெய் சிக்கு நாற்றம் கொள்ளுமாதலால் புதிதாக வாங்குதல் நலம். தீவனத்தை வாரி இறைக்காமல், ஆந்திர தேசத்தார் செய்வதுபோல் துளையிட்ட சாக்கிலிட்டு மூங்கிற் கழியில் கட்டித் தொங்கவிட்டால், மிச்சமே மீனின் பசியைச் சொல்லிவிடும்.

இரை குறைந்து மீன் சோர்ந்தால் தீவனத்தை நிறுத்தி, 1977-இல் தொடங்கிய தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியாரைக் கலந்துகொள்க. செத்து நாறிய மீனின் குடலில் எதுவும் புலப்படாது. நோயுற்ற மீனை உயிரோடு குளத்து நீரிலிட்டு, அது தின்ற தீவனத்திலும் ஒரு படி உடன் கொண்டு செல்லல் வேண்டும்.