லோங்காங்கில் ஊற்றினால் எங்கே போகும்?



"லோங்காங்கில ஊத்திவிடு, தண்ணியோட போயிடும்." இந்தப் பேச்சை லயத்தில் கேட்காதவர் இல்லை. எங்கே போயிடும்?

கக்கூஸ் தண்ணீர் மூடிய குழாய் வழியே செப்டிக் தொட்டிக்கோ, சுத்திகரிப்பு நிலையத்துக்கோ போகிறது. வீட்டு ஓரத்துத் திறந்த லோங்காங் அப்படியல்ல. அது மழைத் தண்ணீருக்காக வெட்டியது. அதில் விழுவது எதுவும் சுத்தம் செய்யப்படாமல் நேரே ஆற்றுக்குப் போகும்.

ஆற்றில் கொட்டினால் என்ன ஆகும் என்பதை நம் ஜொகூரே கண்டது. 2019 மார்ச் மாதம் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் யாரோ லாரியில் இரசாயனக் கழிவைக் கொண்டுவந்து கொட்டினார்கள். மார்ச் 7ஆம் தேதி பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மூச்சுத் திணறல், வாந்தி. ஆற்றில் கிடந்த கழிவு முழுவதும் உடனே அள்ளப்படவில்லை. சில நாளில் வெயிலும் காற்றும் சேர்ந்து ஆவியைக் கிளப்பின. இரண்டாம் தடவை இன்னும் அதிகம் பேர் விழுந்தார்கள். மார்ச் 13ஆம் தேதி அவ்வட்டாரத்தில் 111 பள்ளிகள் மூடப்பட்டன. சிகிச்சைக்கு வந்தவர்கள் ஆயிரக்கணக்கில். கொட்டியவர்கள் மிச்சம் பிடித்தது கழிவை முறையாக அழிக்கும் செலவு; அந்தச் செலவைப் பிள்ளைகளின் நெஞ்சு கொடுத்தது.

சட்டம் இல்லாமலா இருந்தது? 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் இருந்தது. அதே ஆண்டின் சாலை, கால்வாய், கட்டடச் சட்டம் லோங்காங்குகளை நகராண்மைக் கழகத்தின் பொறுப்பில் வைத்திருக்கிறது. 2024ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அபராதத்தின் உச்சம் 10 மில்லியன் ரிங்கிட்டாக உயர்ந்தது. ஆனால் ராத்திரியில் வரும் லாரியைச் சட்டப் புத்தகம் பார்க்காது. பக்கத்தில் குடியிருப்பவன்தான் பார்ப்பான். லாரி எண்ணைக் குறித்துக்கொண்டு சுற்றுச்சூழல் இலாகாவுக்குச் சொல்லுங்கள்.

தோட்டத்துக்குள்ளே கதை வேறு. நகரத்துக் குழாய் அநேகத் தோட்டங்களுக்கு வருவதில்லை. நிர்வாகம் கொடுத்த வீட்டில் கக்கூசும் கால்வாயும் சுகாதாரமாக இருக்க வேண்டியது, 1990ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டப்படி, நிர்வாகத்தின் கடமை. செப்டிக் தொட்டி நிரம்பி வழிந்தால் நாமே கடப்பாரை எடுக்க வேண்டாம். ஆபீசில் எழுதிக் கொடுங்கள். அசையாவிட்டால் தொழிலாளர் இலாகா இருக்கிறது.

அந்தத் தொட்டிக்குள் யாரும் இறங்கக் கூடாது. முட்டை அழுகிய நாற்றம் வீசும் வாயு ஹைட்ரஜன் சல்பைட். அது அதிகமானால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. "நாத்தம் போயிடிச்சி" என்று இறங்கியவன் விழுவான். அவனைத் தூக்க இறங்குபவனும் விழுவான். 999க்கு அழையுங்கள்.

மருந்து அடிக்கும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. பம்பு கழுவிய தண்ணீரை லோங்காங்கில் ஊற்றாதீர்கள். காலி டின்னை மூன்று தடவை அலசி, அந்தத் தண்ணீரைப் பம்பிலேயே ஊற்றி வயலில் அடித்துவிடுங்கள். பிறகு டின்னில் ஓட்டை போட்டு ஸ்டோரில் ஒப்படையுங்கள்; தண்ணீர் பிடிக்க வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். பாராகுவாட் 2020 ஜனவரி முதல் இந்நாட்டில் தடை. பழைய போத்தல் எங்காவது கிடந்தால் அதைக் கொட்டாமல், மூடியபடியே மேலதிகாரியிடம் கொடுங்கள்.

காரமான ஆவி அடித்தால் வேடிக்கை பார்க்க ஆற்றங்கரைக்கு ஓடாதீர்கள். காற்று வரும் திசைப் பக்கமாக விலகிப் போங்கள். கண் எரிந்தால் சுத்தமான தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மருந்து பட்ட சட்டையைக் கழற்றுங்கள். பிள்ளைக்கு மூச்சு இழுத்தால் விடியட்டும் என்று காத்திராமல் அந்நேரமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.