சேறு காய்வதற்குள்

பழனிசெட்டிபட்டியில் சேறு இரண்டு வகை. ஒன்று வயல் சேறு. லோயர்கேம்பில் தொடங்கும் கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நஞ்சை, 14,707 ஏக்கர், இந்த ஊரோடு முடிகிறது. ஜூன் மாத வாக்கில் பெரியாறு அணையைத் திறந்து, வாய்க்காலில் தண்ணீர் வந்து சேர்ந்துவிட்டால் போதும். கேஜ் வீல் மாட்டிய டிராக்டர்கள் தொளி அடிக்க இறங்கிவிடும். மற்றது, சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு மலையிலிருந்து வரும் சேறு. கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஆளும் உரமும் ஏற்றிப்போன ஜீப்புகள், மழைக்காலத்தில் அந்தச் செம்மண் குழம்பை அப்பிக்கொண்டுதான் இறங்குகின்றன.

பழைய ஜீப் ஒன்றை ஆசையாக வாங்கிய பையன் யாராக இருந்தாலும் டீக்கடையில் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: “சேத்துல மாட்டுனா எப்படிண்ணே எடுக்குறது?” எடுத்த பிறகு என்ன செய்வது என்று கேட்பவர்கள் குறைவு. வண்டிக்கு வரும் கேட்டில் பெரும்பகுதி அந்தப் ‘பிறகு’வில்தான் இருக்கிறது. இன்னொரு டீ சொல்லுங்கள், இரண்டையும் பேசிவிடலாம்.

எடுப்பது எளிதில் சொல்லிவிடக்கூடியது. சேற்றுக்குள் போவதற்கு முன்பே நிறுத்தி, முன் ஹப்பைப் பூட்டி, நான்கு சக்கர இழுப்பில் லோ கியர் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே போன பிறகு கியர் மாற்றாதீர்கள். மாற்றும் அந்த நொடியில்தான் வண்டி நிற்கும். ஆக்சிலேட்டரை ஒரே அளவில் பிடியுங்கள். சக்கரம் வெறுமனே சுற்ற ஆரம்பித்தால் காலை எடுத்துவிட்டு, வந்த தடத்திலேயே பின்னால் வாருங்கள். பாரம் இல்லாத வண்டியில் டயர் காற்றை 28-லிருந்து 20 வரை இறக்கினால் பிடிமானம் கூடும். தார் ரோட்டுக்கு வந்ததும் ஏற்றிவிட வேண்டும். மழையில் தோட்டப் பாதைக்குப் போகும் ஓட்டுநர்கள் சக்கரத்துக்கு இரும்புச் சங்கிலி கட்டுவதும் பிடிமானத்துக்காகத்தான்.

மாட்டிக்கொண்ட வேகத்தில் ஆக்சிலேட்டரை மிதித்துத் தள்ளுபவர்களுக்கு ஒரு விஷயம். ஆக்சில் ஹவுசிங்குக்குள் இருக்கும் டிஃபரென்ஷியல் (நம் ஊர்ப் பேச்சில் கிரவுன் செட்), எந்தச் சக்கரத்துக்குத் தடை குறைவோ அதைத்தான் சுற்றவிடும். ஒரு சக்கரம் பறக்கிறது, அடுத்தது அசையாமல் நிற்கிறது என்றால், நடுவில் இருக்கும் சின்னப் பல்சக்கரங்கள் தங்கள் சக்திக்கு மீறிச் சுழல்கின்றன என்று பொருள். அவை வளைவில் திரும்பும்போது மெல்ல உருளுவதற்காகச் செய்யப்பட்டவை. அதைவிட மோசம், பறக்கும் சக்கரம் திடீரென ஒரு கல்லைப் பிடிப்பது. அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது ஆக்சிலோ, ஜாயிண்ட் கிராஸோ, இரண்டில் ஒன்று.

கெட்டியான ரோட்டுக்கு வந்ததும் முன் இழுப்பை விடுவியுங்கள். வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே தூரம் ஓடுவதில்லை. சேற்றில் அந்த வித்தியாசம் சறுக்கிச் சரியாகிவிடும், தாரில் ஆகாது. போடிமெட்டுப் பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் நான்கு சக்கர இழுப்பிலேயே இறங்கினால், டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொண்டு லீவர் விடுபடவே அடம்பிடிக்கும்.

இனிமேல்தான் விஷயம். மலையிறங்கிய வண்டி நெருப்பாகக் கொதித்துக்கொண்டிருக்கும். பிரேக் டிரம்மில் கை வைக்க முடியாது. அதே சூட்டோடு வண்டியை முல்லைப் பெரியாற்றில் இறக்கிக் கழுவும் பழக்கம் இந்தப் பக்கம் இருக்கிறது. வேலை சீக்கிரம் முடியும், காசும் மிச்சம். ஆனால் ஹவுசிங்குக்குள் எண்ணெய் மட்டும் இல்லை, எண்ணெய்க்கு மேல் காற்றும் இருக்கிறது. 80 டிகிரி சூட்டில் இருக்கும் காற்று சட்டென்று 25 டிகிரிக்குக் குளிர்ந்தால் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சுருங்கும். அந்த இடத்தை நிரப்ப வெளியிலிருந்து எதையாவது உறிஞ்சியாக வேண்டும். காற்று போய்வருவதற்கென்று ஹவுசிங்கின் மேல் பிரீதர் என்ற சிறிய துளை வைத்திருக்கிறார்கள். அது தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரை இழுக்கும். சேறு காய்ந்து அடைத்திருந்தால் ஆயில் சீல் ஓரமாகச் சேற்றுத் தண்ணீரை இழுக்கும். தேய்ந்த சீல் என்றால் கேட்கவே வேண்டாம். சூடான டிரம் குளிர்ந்த தண்ணீரில் விரிசல் விடுவது தனிக்கணக்கு. இதெல்லாம் போக, அந்த ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கும் ஊர்கள் கீழே எத்தனையோ இருக்கின்றன. ஆற்றில் வண்டி கழுவுவதற்கு ஆதரவாகச் சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

ஆகவே, வந்ததும் வண்டியை ஒரு மணி நேரமாவது நிழலில் ஆறவிடுங்கள். பிரீதரில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, மறுமுனையைச் சேசிஸுக்கு மேலே, சேறு எட்டாத உயரத்தில் கட்டிவிட்டால் பாதிக் கவலை தீரும். மலிவான வேலை இது. ஆனால் பழைய ஜீப் வாங்குபவர்கள் முதலில் செலவு செய்வது ஹாரனுக்கும் கூடுதல் விளக்குக்கும்தான்.

உள்ளே தண்ணீர் போயிருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. வண்டியை ராத்திரி முழுக்க அசைக்காமல் சமதளத்தில் நிறுத்துங்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது. அடியில் போய்த் தங்கிவிடும். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன், ஹவுசிங்கின் அடிப் பிளக்கை மெல்லத் தளர்த்துங்கள். முதலில் சொட்டுவது தண்ணீரா எண்ணெயா என்று தெரிந்துவிடும். ஓட்டிய பிறகு பார்த்தால் இரண்டும் கலந்து, நம் கையில் இருக்கும் பால் டீ நிறத்தில் இருக்கும். அந்த நிறத்தைக் கண்டால் யோசிக்காதீர்கள், முழுக்க வடித்துவிட்டுப் புதிய கியர் ஆயில் ஊற்றுங்கள். இரண்டு லிட்டர் ஆயிலுக்கு யோசித்தவர்கள் பேரிங், கிரவுன், பினியன் என்று வரிசையாக வாங்கியதுண்டு.

அடுத்தது பிரேக். டிரம்முக்குள் போன சேறு ஈரமாக இருக்கும்வரை பிரேக் வழுக்கும். காய்ந்த பிறகு அதிலிருக்கும் மணல் லைனிங்கையும் டிரம்மையும் சேர்த்து அறுக்கும். சேற்றிலிருந்து வெளியேறியதும் மெதுவாக ஓட்டிக்கொண்டே பிரேக்கை லேசாக அழுத்திப் பிடித்துச் சூடேற்றினால் ஈரம் போகும். மண் அதனால் போகாது. டிரம்மைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். எடுக்கும்போது வாயால் ஊத வேண்டாம், காற்றுக் குழாயும் வேண்டாம். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஈர டிரம்மோடு ஹேண்ட் பிரேக் இழுத்துவிட்டு நாலு நாள் நிறுத்தினால் லைனிங் டிரம்மோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.

வாட்டர் சர்வீஸ் கடையில் துப்பாக்கிக் குழாயால் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் அடிக்கிறார்கள். சேசிஸ், மட்கார்டு உள்பக்கம், ஸ்பிரிங் பட்டைகளின் இடுக்கு, இங்கெல்லாம் எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கட்டும். ஆனால் ஆயில் சீல், ஜாயிண்ட் கிராஸ், ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், ஒயரிங் பக்கம் அந்த வேகம் கூடாது. சேறு தானாகப் போகாத இடத்துக்குள் அதைத் தள்ளிவிடுவது இந்தத் தண்ணீர்தான். கழுவிய பிறகு ஜாயிண்ட் கிராஸுக்குக் கிரீஸ் அடிப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். நாலு கப்பிலும் பழைய கிரீஸ் பிதுங்கி, அதன் பின்னால் புதியது தலைகாட்டும்வரை அடிக்க வேண்டும்.

ரேடியேட்டரைப் பற்றி எச்சரிக்கை செய்தே ஆக வேண்டும், ஏனென்றால் அது உடனே காட்டிக்கொடுக்காது. தகடுகளின் இடுக்கில் சேறு காய்ந்து அடைத்த வண்டி, தேனிக்கும் கம்பத்துக்கும் சமதளத்தில் ஒரு குறையும் இல்லாமல் ஓடும். அடுத்த வாரம் பாரத்தோடு மலையேறும்போதுதான் முள் சிவப்புக்குப் போகும். எதிரிலிருந்து வேகமாக அடித்தால் தகடுகள் மடங்கும், மண் இன்னும் உள்ளே போகும். விசிறிப் பக்கமிருந்து முன்பக்கமாக, சாதாரணக் குழாய்த் தண்ணீரைப் பொறுமையாக விடுங்கள்.

பட்டைகளுக்குக் கழிவு ஆயில் அடித்துவிடுவது ஊர் வழக்கம். துரு தடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் புஷ் ரப்பர் ஊறிப்போகும், டிரம் பக்கம் தெறித்தால் லைனிங் கெடும், மிச்சம் சொட்டுவது வாய்க்கால் மண்ணில். எனக்கு அதில் விருப்பமில்லை.

எஞ்சினுக்குள் தண்ணீர் போவது அரிது; போனால் பெரிய செலவு. டீசல் எஞ்சின் காற்றைப் பதினைந்து, இருபது பங்கு அழுத்தி ஓடுவது. தண்ணீர் அப்படி அழுந்தாது, கனெக்டிங் ராடுதான் வளையும். ஆழத்தில் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி சாவியைத் திருப்பாதீர்கள். கயிறு கட்டி இழுத்து வந்து, ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். நனைந்திருந்தால் மெக்கானிக் இன்ஜெக்டரைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றட்டும்.

புது மஹிந்திரா தார் (Thar) வண்டி வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். 2020-இல் வந்த அந்த மாடல் 650 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில் போகும் என்று கம்பெனி சொல்கிறது. தண்ணீருக்குச் சொன்ன கணக்கு அது, சேற்றுக்குச் சொன்னதில்லை. சேற்றுப் பயணத்துக்குப் பின் ஏபிஎஸ் விளக்கு எரிந்தால் முதலில் சக்கரத்துப் பக்கமுள்ள சென்சாரைத் துடைத்துப் பாருங்கள். முன் டிஸ்க்கில் கிறீச்சென்று சத்தம் வந்தால், டிஸ்க்குக்கும் அதன் பின்னால் இருக்கும் தகட்டுக்கும் நடுவே சிறு கல் சிக்கியிருக்கலாம். கொஞ்ச தூரம் பின்னால் ஓட்டினாலே பல நேரம் விழுந்துவிடும். அறுபதைத் தாண்டினால் ஸ்டீரிங் ஆடுகிறது என்று அலைன்மென்ட் கடையில் போய்ப் பணம் கட்டுவதற்கு முன், ஒரு ஸ்க்ரூடிரைவரால் ரிம்மின் உள்பக்கத்தைச் சுரண்டுங்கள். சில பத்து கிராம் ஈயம் ஒட்டிச் சமன் செய்யும் சக்கரத்தில், ஒரே பக்கமாகக் கால் கிலோ மண் காய்ந்து உட்கார்ந்திருக்கும்.