தைப்பூசத்திற்குப் பினாங்கு வரும் அன்பர்களுக்கு

தைப்பூசம் நெருங்கிவிட்டால், சுங்கை பினாங்கில் உள்ள எங்கள் ஆலய அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைக்கும் வெளியூர் அன்பர்கள் முதலில் கேட்பது, "பூசத்தன்று காலையில் வந்தால் தேரைப் பார்க்கலாமா?" என்பதாகும். பார்க்க இயலாது என்பதே பதில்.

தேர் புறப்படுவது பூசத்திற்கு முதல் நாள் அதிகாலையில். 1894ஆம் ஆண்டில் காரைக்குடியில் செய்யப்பட்ட நகரத்தார் வெள்ளி ரதம் பினாங்கு வீதிக் கோவில் வீட்டிலிருந்தும், 2017 முதல் பவனி வரும் தங்க ரதம் குயின் வீதி மகாமாரியம்மன் ஆலயத்திலிருந்தும் கிளம்பும். தண்ணீர்மலை சேர இரவாகிவிடும். வழிநெடுகத் தேங்காய் உடைபடும்; சீனச் சகோதரர்களும் குவியல் குவியலாக உடைப்பர். (வெறுங்காலுடன் நடப்போர் ஓட்டுச் சில்லுகளைக் கவனிக்க வேண்டும்.) பூசத்தன்று காவடிகளையே காணலாம். ரதங்கள் திரும்புவது மறுநாள் மாலையில்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் என் உறவினர் ஒருவர், எண்பது வயதைக் கடந்த தம் தாயாருடன் குவாந்தானிலிருந்து காரில் வந்தார். பகாங்கில் தைப்பூசத்திற்குப் பொது விடுமுறை கிடையாது. கையில் இருந்ததோ ஒரே நாள் விடுப்பு. இரவெல்லாம் ஓட்டி, பூசத்தன்று காலை பாலத்தைக் கடந்து வந்தவர்களைச் சாலைத் தடுப்புகள் நிறுத்திவிட்டன. 2012இல் குடமுழுக்குக் கண்ட மலைக்கோயிலின் 513 படிகளை அம்மையாரால் ஏற இயலாது. தேரில் வரும் முருகனை வீதியில் நின்று காண்பதே அவரது வேண்டுதல். "தம்பி, தேர் திரும்பும்வரை இருக்க முடியாதா?" என்று என்னைக் கேட்டார். மகன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அன்றிரவே புறப்பட்டுவிட்டனர். முன்கூட்டியே விவரம் சொல்லாதது என் குறைதான்.

ஆகவே, பஞ்சாங்கத்தில் தேதியைப் பார்த்தவுடன் விடுப்புக்கு எழுதிக்கொடுங்கள். தங்கும் அறையையும் அப்போதே பதிவு செய்யுங்கள். முதல் நாள் அதிகாலைப் புறப்பாட்டைக் காண விரும்புவோர் அதற்கு முந்தைய இரவே ஊருக்குள் இருக்க வேண்டும். காரைவிட ரயிலே உத்தமம். பட்டர்வொர்த் நிலையத்தை ஒட்டியே படகுத்துறை உள்ளது. படகில் இப்போது கார்களை ஏற்றுவதில்லை. பயணிகளும் மோட்டார் சைக்கிள்களும் மட்டுமே. அக்கரையில் இறங்கினால் கோவில் வீடு நடக்கும் தூரம்தான்.

மறு ஆண்டு அவர்கள் முன்னதாகவே வந்துவிட்டனர். டத்தோ கிராமட் சாலையோரத்தில் மடக்கு நாற்காலி போட்டு அம்மையாரை அமர்த்தினோம். ரதம் வரத் தாமதமாயிற்று. நிழலுக்கு அழைத்தும் அவர் இடத்தை விட்டு எழவில்லை.