சின்னஞ்சிறு சீசாக்கள்

நம் வீடுகளில் அரிசிக்கு டின் உண்டு. பருப்புக்கு டப்பா உண்டு. கடுகு, சீரகத்துக்கு அஞ்சறைப் பெட்டி உண்டு. விரல் நீளமே உள்ள எசன்ஸ் சீசாக்களுக்கு மட்டும் தனி இடமே கிடையாது. கிறிஸ்துமஸ் கேக்கிற்கென வாங்கிய வெனிலா, தங்கையின் பிறந்த நாளுக்கு வந்த ரோஸ், பிரியாணிக்கான தாழம்பூ எசன்ஸ், எப்போது வாங்கினோம் என்றே நினைவில்லாத பைனாப்பிள் என்று ஐந்தாறு சீசாக்கள் சமையலறை மாடத்தில் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். மனையியல் பயிலும் நாங்கள் இவற்றை ஒழுங்குபடுத்தும் முறையைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறோம். இது அழகு பற்றிய செய்தி மட்டும் அன்று.

முதலில் எல்லாச் சீசாக்களையும் கீழே இறக்கி, உணவுப் பொருள் அல்லாதவற்றைப் பிரித்தெடுக்க வேண்டும். உதகைக்குச் சுற்றுலா சென்று திரும்புவோர் வாங்கிவரும் நீலகிரித் தைலமும், மூட்டுவலிக்குத் தேய்க்கும் வின்டர்கிரீன் எண்ணெயும் எசன்ஸ் சீசா போன்ற சிறு சீசாக்களிலேதான் வருகின்றன. வின்டர்கிரீன் எண்ணெய்க்கு நல்ல இனிய மணம் உண்டு, ஆபத்தே அதுதான். அதில் ஏறக்குறைய முழுவதும் மெத்தில் சாலிசிலேட் என்னும் பொருள். ஒரே ஒரு தேக்கரண்டி உள்ளே போனாலும் சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்து. கற்பூரத் தைலமும் அப்படியே. பல்வலிக்கு வைத்திருக்கும் கிராம்பு எண்ணெய், டிங்க்சர், நகப்பூச்சு நீக்கும் திரவம் ஆகியவையும் இந்தக் கூட்டத்தில் இருக்கக் கூடாது. இவற்றை வேறோர் அறையில், பூட்டிய அலமாரியில் வையுங்கள். தவறி யாரேனும் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், சீசாவையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடவேண்டும். சீட்டில் பெயர் தெளிவாக இருந்தால், மருத்துவர் ஊகித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

எஞ்சிய சீசாக்களுக்குள் இருப்பது என்ன? வாழைப்பழ எசன்ஸில் வாழைப்பழம் இல்லை. ஐசோ அமைல் அசிட்டேட் என்னும் எஸ்டரே அந்த மணத்தைத் தருகிறது. அன்னாசி மணத்துக்கு எத்தில் பியூட்டிரேட், பாதாமுக்குப் பென்சால்டிஹைடு. வேதியியல் வகுப்பில் அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து எஸ்டர் உண்டாகும் என்று நாம் உருப்போட்டது சமையலறையிலும் உதவுகிறது பாருங்கள்! வெனிலாவின் கதை இன்னும் சுவையானது. ரியூனியன் தீவில் எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் 1841-இல் அதன் பூவைக் கையால் மகரந்தச் சேர்க்கை செய்யும் எளிய முறையைக் கண்டான்; அதன் பின்னரே அது பெருமளவில் பயிராயிற்று. 1874-இல் ஜெர்மானிய விஞ்ஞானிகள் ஊசியிலை மரச் சாற்றிலிருந்து கிடைத்த பொருளைக் கொண்டு வெனிலினைச் செயற்கையாகவே உண்டாக்கிவிட்டனர். இன்று கடைகளில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் இந்தச் செயற்கை வகையே.

இந்த மணப் பொருள்கள் எளிதில் ஆவியாகும். வெப்பமும் வெளிச்சமும் காற்றும் இவற்றுக்குப் பகை. ஆதலால் அடுப்புக்கு மேலுள்ள தட்டும் சன்னலோரமும் உதவா. கைக்கு எட்டும் இடம் என்று அடுப்பருகில்தான் பலர் வைக்கிறார்கள். மணம் போன பின் கடைக்காரரைக் குறை கூறுகிறார்கள்.

இனிச் சீட்டு ஒட்டுவது. பல எசன்ஸ்கள் ஆல்கஹாலிலோ அது போன்ற திரவத்திலோ கரைக்கப்பட்டவை. பால்பாயின்ட் பேனாவால் எழுதினால், ஒரு துளி வழிந்ததும் எழுத்து நீலக் கறையாகிவிடும். பென்சிலால் எழுதுங்கள். பென்சிலின் கிராஃபைட் ஆல்கஹாலில் கரையாது. அருங்காட்சியகங்களில் ஆல்கஹாலில் இட்டுவைக்கும் உயிரினங்களுக்குப் பென்சிலால் எழுதிய சீட்டைப் போடும் வழக்கம் உண்டு. சீட்டின் மேல் செல்லோடேப்பைச் சீசாவைச் சுற்றி ஒட்டிவிட்டால் எண்ணெய்க் கையாலும் கெடாது. மைதாப் பசை மட்டும் வேண்டாம். கரப்பான் பூச்சிகளுக்கு அது விருந்து. பெயரை மூடியில் எழுதுவதும் சரியன்று. இரண்டு சீசாக்களை ஒன்றாகத் திறந்தால் மூடி மாறிப் போகுமே!

சீட்டில் பெயரோடு, திறந்த நாளும் இருக்கட்டும். நிறம் கலந்த எசன்ஸானால் அதையும் குறியுங்கள்; இல்லையேல் வெள்ளை ஐசிங் மஞ்சளாகிவிடும். கடையில் ஒட்டிவந்த சீட்டைக் கிழிக்காதீர்கள். உபயோகிக்க வேண்டிய கடைசி நாளும், 14 இலக்க உரிம எண்ணும் அதில்தான் உள்ளன. ஊற்றும்போது ஆய்வகத்தில் செய்வது போலச் சீட்டு உள்ளங்கைப் பக்கம் இருக்குமாறு பிடித்தால், வழியும் துளி மறுபுறம் ஓடும்.

அடுக்குவதற்கு விலை கொடுத்து ஒன்றும் வாங்க வேண்டாம். உயரம் குறைந்த மிட்டாய் டின் போதும். சீசாக்களை நிமிர்த்தி ஒரே வரிசையாக, பெயர் முன்னால் தெரிய நிறுத்துங்கள். அகர வரிசை அழகுதான் என்றாலும், அடிக்கடி எடுப்பது முன்னால் இருப்பதே எங்களுக்குச் சரியாகப் படுகிறது. பெப்பர்மிண்ட்டைத் தனி டப்பாவில் வையுங்கள். அதன் மணம் பக்கத்திலிருப்பதை எல்லாம் பிடித்துக்கொள்ளும். கண் பார்வை குறைந்த பாட்டி சமைக்கும் வீடானால், வெனிலாவுக்கு ஒரு ரப்பர் வளையம், ரோஸுக்கு இரண்டு என்று மாட்டிவிடலாம். எழுத்துக் கூட்ட வேண்டாம், விரலே சொல்லிவிடும். அடையாளத்தை அடிக்கடி மாற்றினால் மட்டும் பாட்டி குழம்பிப் போவார்கள்.

மணம் இருக்கிறதா என்று பார்க்க மூக்கைச் சீசாவில் வைத்து முகராமல், கையால் விசிறிப் பாருங்கள். மங்கிவிட்டிருந்தால் கொட்டிவிடுவதே மேல். இரண்டு மடங்கு ஊற்றினால் கசப்புத்தான் மிஞ்சும். காலிச் சீசாவில் மண்ணெண்ணெயோ பினாயிலோ ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். சீட்டைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிடுங்கள். இன்னொன்று, பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்தில் இந்த டின்னுக்கு இடம் தர வேண்டாம்.